இடப்பக்க விளக்கு

ஐப்பசி மழை விட்டிருந்த மாலையில், பத்மா தன் இண்டிகா காரைக் கஜபதியின் ஷெட்டுக்குள் ஓட்டி வந்து நிறுத்தினாள். பக்கத்து சீட்டிலிருந்து அவள் தம்பி தணிகைமணி இறங்கினான். திருத்தணிக்கு வெளியே, பள்ளிப்பட்டு சாலை பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் இருந்தது அந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. அங்கிருந்து பார்த்தால் மலைக்கோயில் விளக்குகள் தெரியும். அன்று மேகம் மூடியிருந்ததால் மலையே இல்லாதது போலிருந்தது.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். காருக்கு எல்இடி பல்பு என்பதே அந்தப் பக்கத்தில் புதிது.

"இண்டிகேட்டர் ரெண்டு பக்கமும் படபடன்னு அடிக்குதுண்ணா," என்றான் தணிகைமணி. "பேட்டரி அடிக்கடி எறங்கிக்கினே இருந்திச்சி. கரண்ட் கம்மியா எடுக்கும்னு நாந்தான் எல்இடி வாங்கி மாட்னேன். அதுலேர்ந்து இப்டி."

கஜபதி சிரித்தான். "பழைய பல்பு நெறைய கரண்ட் இழுக்கும். இது கொஞ்சூண்டுதான். அதனால இண்டிகேட்டர மினுக்க வைக்கிற ரிலே இன்னா நெனைக்குது, ஒரு பல்பு ஃபியூஸ் பூட்ச்சின்னு நெனைச்சிக்கினு ஸ்பீடா அடிக்குது. எலக்ட்ரானிக் ரிலே ஒண்ணு மாட்டிட்டா சரியாப்பூடும்."

"இன்னொண்ணு கீதுண்ணா." தணிகைமணி குரலைத் தாழ்த்தினான். "லெஃப்ட் சைடு தானாவே எரியுது."

"ஸ்விட்ச்சுல ஷார்ட்டா இருக்கும். பாக்கலாம்."

பத்மா தகரக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் கணவன் ராஜகோபாலுக்கு ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி இருந்தது. ஆடி மாதத்தில் ஒருநாள் பள்ளிப்பட்டிலிருந்து திரும்பும்போது நெஞ்சுவலி வந்து, இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டு, ஏரிக்கரையோரம் வண்டியை ஒதுக்கி நிறுத்தியிருக்கிறான். காலையில் ஆட்கள் பார்த்தபோது அவன் ஸ்டீயரிங்மேல் சாய்ந்து கிடந்தான். பேட்டரி இறங்கிப்போய், அந்த விளக்கு மட்டும் மங்கலாக மினுக்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து பத்மா அழவில்லை. சமைத்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். உறவுக்காரர்கள் கட்டிக்கொண்டு அழுதபோது, மேலே பட்ட அவர்கள் கண்ணீரின் ஈரம் மட்டும் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

கஜபதி டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பழைய ரிலேவைக் கழற்றிப் புதியதை மாட்டினான். வலப்பக்கம் போட்டுப் பார்த்தான். நிதானமாக மினுக்கியது. இடப்பக்கமும் அப்படியே. ஸ்விட்ச்சை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அவ்ளோதாம்மா."

டிக்.

டிக்.

இடப்பக்க விளக்கு எரிய ஆரம்பித்தது. புது ரிலேவின் வேகம் இல்லை. யாரோ மூச்சு விடுவது போல மெதுவாக வந்து, மெதுவாக அணைந்தது. ஸ்விட்ச் நடுவில்தான் இருந்தது.

கஜபதி ஸ்விட்ச்சுக்கு வரும் ஒயர்களின் கப்ளரைப் பிடுங்கினான். மினுக்கல் நிற்கவில்லை. ரிலேவைப் பிடுங்கிக் கையில் எடுத்தான்.

டிக்.

சத்தம் போடவேண்டிய ரிலே அவன் கையில் இருந்தது. சத்தம் காருக்குள்ளிருந்து வந்தது.

அவன் பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றினான். பிறகு ஓடிப்போய், முன்னும் பின்னும் இடப்பக்கத்து பல்புகளைத் திருகி எடுத்தான். உள்ளங்கையில் அவை செத்துக் கிடந்தன.

காலிக் கண்ணாடிக்குள் மஞ்சள் வெளிச்சம் வந்து போய்க்கொண்டிருந்தது.

காருக்குள்ளிருந்து ஏரிச் சேற்றின் வாடை அடித்தது.

"முருகா..." கஜபதி பின்னால் நகர்ந்து டயர் அடுக்கில் இடித்துக்கொண்டான்.

"அவருதாண்ணா," என்றாள் பத்மா. காய்கறிக்காரரிடம் பேசுகிற குரல். "இந்த ரோட்டுக்கு வந்தாலே போடுவாரு. லெஃப்டுல திரும்பச் சொல்றாரு."

"நேத்து அக்கா திரும்பிட்டாண்ணா," என்றான் தணிகைமணி. "தேடிக்கினு போய்ப் பாத்தா பாவா செத்துப்போன அந்த ஏரிக்குள்ள வண்டிய எறக்கிக்கினு உக்காந்திருக்கா. முன்சக்கரம் முழுகிட்ச்சி. கதவைத் தொறந்து நாந்தான் இழுத்துனு வந்தேன். காலையில டிராக்டர் கட்டி வண்டிய மேல இழுத்தோம்."

கஜபதி பத்மாவைப் பார்த்தான். "ஏம்மா போன?"

"காட்னாரு. போனேன்."

"பயமா இல்லியா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே தேடிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமே தெர்லண்ணா."

தணிகைமணி அவள் கையைப் பிடித்தான். "அக்கா, எனக்கு உன்ன வுட்டா யாரு இருக்கா? பாவா கேட்டா நீ போய்டுவியா?"

அவன் கை சூடாக இருந்தது. அந்தச் சூடு தோலோடு நிற்காமல் கொஞ்சம் உள்ளே போனது போலிருந்தது. பத்மா கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். டேஷ்போர்டில் பச்சை அம்பு இடப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது.

"நா வர்லங்க," என்றாள் மெல்ல.

டிக்.

"இவன வுட்டுட்டு வரமாட்டேன். நீங்க போங்க."

அம்பு எரிந்தபடியே நின்றது.

பிறகு அணைந்தது.

பத்மா கதவைத் திறந்து இறங்கினாள்.

"வண்டிய இங்கயே வுட்டுட்டு பஸ்ல போலாம் அக்கா," என்றான் தணிகைமணி.

"இங்க வேணாம்ப்பா!" கஜபதி பதறினான். "கையெடுத்துக் கும்புடறேன். எட்துனு பூடுங்க." சொல்லிக்கொண்டே பேட்டரி ஒயரையும் ரிலேவையும் கப்ளரையும் மாட்டிக்கொடுத்தான். இடப்பக்கத்து பல்புகளை மாட்ட மட்டும் அவன் கை போகவில்லை.

இருட்டிவிட்டது. பத்மாதான் ஓட்டினாள். சந்திப்பு வந்ததும் தங்கள் ஊர்ப்பக்கம் போக வலது இண்டிகேட்டரைப் போட்டாள். அது ஒழுங்காக மினுக்கியது. இடப்பக்கம் பள்ளிப்பட்டு சாலை ஈரத்தில் வெறிச்சோடிக் கிடந்தது. அவள் வலப்பக்கம் திரும்பினாள். தணிகைமணி பெருமூச்சு விட்டான்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

பள்ளிப்பட்டு சாலையின் முனையில், ஒரு வண்டியின் உயரத்தில், மஞ்சள் விளக்கொன்று மினுக்கிக்கொண்டிருந்தது. வண்டி இல்லை. ஹெட்லைட் இல்லை.

"மணி," என்று கிசுகிசுத்தாள். "திரும்பிப் பாக்காத."

அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கைகள் ஸ்டீயரிங்கில் நழுவின. கண்ணில் நீர் வந்தது. பயமாக இருந்தது. ஆடிக்குப் பிறகு அவளுக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

கண்ணாடிக்குள், அந்த விளக்கு மெதுவாகத் திரும்பி, அவர்களுக்குப் பின்னால் அதே சாலையில் ஏறியது.