பூந்திக்குத் தைத்த சட்டை

அந்த வாரம் விஜயராணி மாவே அரைக்கவில்லை. புருஷன் அழகிரி லாரி ஓட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டால் அவளுக்கு இட்லி, தோசை நினைப்பே வராது. ஒரு பிடி சோறும் ரசமும் போதும். அப்படியிருந்தும், மதியம் தையல் மிஷினில் குனிந்திருந்தவள் மூக்கில் புளித்த மாவின் வாடை ஏறியது. பாத்திரம் வழிந்து, வழிந்தது காய்ந்து, அதன் மேலேயே மறுபடியும் வழிந்தது மாதிரி ஒரு நாற்றம். எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். சிங்க்குக்கு அடியில் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். கிரைண்டர் கல்லைக்கூட முகர்ந்தாள். ஒன்றுமில்லை. ஆனால் வாடை அவள் போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே வந்தது. அவள் நின்றதும் அதுவும் நின்றது. பிறகு உட்கார்ந்து, பின்னங்காலால் காதைச் சொறியத் தொடங்கியது.

பூந்திதான். கொள்ளிடக் கரையில் யாரோ சாக்கில் கட்டிப் போட்டுவிட்டுப் போன நாய்க்குட்டி. வெள்ளை உடம்பில் மஞ்சள் மஞ்சளாய்ப் புள்ளிகள் இருந்ததால் அந்தப் பெயர். மேலூர் ரோட்டில் இந்த வாடகை வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளோடு பேச்சுத் துணைக்கு இருந்த ஒரே உயிர் அதுதான்.

விஜயராணி குனிந்து அதன் காதை மடக்கிப் பார்த்தாள். உள்ளே வத்தக்குழம்பு அடிப்பிடித்த சட்டி மாதிரி பழுப்பாய்க் கசடு. கால்விரல் இடுக்குகள் ரத்தச் சிவப்பாய் வெந்திருந்தன. மல்லாக்கப் புரட்டினால், வயிற்றில் முடியே இல்லை. தோல் கறுத்து, தடித்து, தொட்ட விரலில் பிசுக்கென்று ஒட்டியது. ஐப்பசி மழையில் எப்போதும் கொஞ்சம் சொறியும்தான். அவள்தான் தீபாவளித் துணி அவசரத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டாள். ஒட்டிய விரலைப் பாவாடையில் துடைக்கவும் மனமில்லாமல், கையைத் தூக்கிப் பிடித்தபடியே குழாயடிக்கு ஓடினாள்.

உறையூரில் ஒரு கால்நடை டாக்டரம்மா இருந்தார், அமலராணி என்று பெயர். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனதற்கு நன்றாகவே பார்த்தார். "அலர்ஜிதாங்க. மழை ஈரத்துல பூஞ்சையும் சேர்ந்துக்கிச்சு. வீட்டுலயே சரி பண்ணிடலாம்," என்றார். கோழிக்கறியை நிறுத்தச் சொன்னார். மருந்து ஷாம்பூவை நுரைக்கத் தேய்த்து ஊறவிட்டு அலசச் சொன்னார். ஓட்ஸை மிக்சியில் பொடித்து வெந்நீரில் கரைத்து, ஆறியபின் அதில் உட்கார வைத்தால் எரிச்சல் அடங்கும் என்றார். கடைசியாகக் கழுத்தில் மாட்ட ஒரு பிளாஸ்டிக் கூம்பைக் கொடுத்தார். "முக்கியமா சொறிய விடாதீங்க. சொறியச் சொறியத்தான் இன்னும் கேக்கும்."

வீடு திரும்பிய சாயங்காலம் உத்தர வீதி வேதவதி மாமி தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்தார். வாசற்படி ஏறவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். ரவிக்கையைப் பிரித்தபோது மடிப்புக்குள்ளிருந்து ஒரு கொத்து வெள்ளை முடி உதிர்ந்தது.

"பெருமாள் சேவிக்கப் போட்டுண்டு போறதுடிம்மா இது. இந்த வாடையோட நான் எப்படிப் போட்டுப்பேன்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெட்டாமல் வைத்திருந்த மற்றத் துணிகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாமி போனால் அந்த வீதியே போன மாதிரிதான்.

அழகிரியிடம் போனில் சொன்னதுதான் தப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் பூந்தியைத் திருவெள்ளறையில் மாமா தோட்டத்தில் கட்டிவிடப் போவதாக அவன் முடிவாகச் சொல்லிவிட்டான். குளிப்பாட்ட ஆளில்லாத தோட்டத்தில், கொட்டும் மழையில், இந்த உடம்போடு அது எத்தனை நாள் தாங்கும் என்று அவள் அழுதாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிட்டால் இருக்கட்டும் என்று கடைசியில் இறங்கி வந்தான்.

மறுநாளே கொல்லையில் துவைக்கிற கல் பக்கத்தில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியை வைத்து வைத்தியத்தை ஆரம்பித்தாள். ஓட்ஸ் கஞ்சியில் பூந்தியை இறக்கியதும் அதன் மேலிருந்த பொருக்குகள் ஊறிக் கழன்று, தயிர் ஆடை மாதிரி மிதந்தன. தடவத் தடவ முடி கொத்தாய்க் கையோடு வந்தது. அடியில் இளஞ்சிவப்பாய், ஈரமாய், சீழ் கசிகிற தோல். விஜயராணிக்கு இரண்டு தடவை குமட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டே தேய்த்தாள். இடது விலாவில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், ஓரிடத்தில் விரல் பட்டதும் பூந்தி கண்ணைச் செருகி, தன் முழுப் பாரத்தையும் அவள் கையில் சாய்த்தது. சொறியக் கூடாது என்று தெரியும். ஆனாலும் அது அப்படிக் கெஞ்சியது. நகத்தால் மெல்லக் கீறினாள். பின்னங்கால் காற்றில் உதைத்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் கீறினாள்.

நகத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ பசைபோல ஏறியிருந்தது. சோப்புப் போட்டாள், துணி சோப்பும் போட்டுத் தேய்த்தாள். சோற்றைப் பிசைந்து வாய்க்கருகே கொண்டுபோனபோது வாடை விரலில் அப்படியே இருந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

சொறியாமல் இருக்க வேண்டுமே என்று, மிச்சமிருந்த லைனிங் துணியில் பூந்திக்கு ஒரு சட்டை தைத்தாள். சந்தன நிறப் பருத்தி. கழுத்து முதல் இடுப்பு வரை மூடும்படி, முதுகில் கொக்கி வைத்தது. கால்களில் அழகிரியின் பழைய சாக்ஸைப் போட்டுக் கட்டினாள். கழுத்தில் கூம்பு. இனி பல்லும் நகமும் தோலுக்கு எட்டாது.

அடுத்த நாள் மதியம் மழை வெளுத்து வாங்கியது. ஜன்னல்களைச் சாத்தி, லைட்டைப் போட்டுக்கொண்டு அவள் தைத்துக்கொண்டிருந்தாள். காய வழியில்லாமல் கொடியில் தொங்கிய துணிகளின் முடை வாடை, மிஷின் எண்ணெய் வாடை, அவற்றுக்கு அடியில் மெலிதாய் அந்தப் புளிப்பு. மிஷின் சத்தத்துக்குள் வேறொரு சத்தமும் கேட்பதுபோல இருந்தது. காலை நிறுத்தினாள். மிஷின் நின்றது. அந்தச் சத்தம் நிற்கவில்லை.

கரக். கரக். கரக்.

பூந்தி அவள் காலடியில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நான்கு கால்களும் நீட்டியபடி, அசையாமல். எலி என்று நினைத்துப் பரணையும் பீரோவின் அடியையும் பார்த்தாள். திரும்பி வந்து நாயின் பக்கத்தில் மண்டியிட்டாள். சத்தம் அங்கேதான் இருந்தது. சட்டையின் விலாப் பக்கத்தில் துணி நூல் நூலாய்ப் பிரிந்திருந்தது.

இத்தனை வருஷம் துணியோடு கிடந்தவளுக்கு ஒரு கிழிசலைப் பார்த்தாலே எந்தப் பக்கமிருந்து கிழிந்தது என்று தெரியும். வெளியிலிருந்து பல்லோ நகமோ பட்டால் இழை உள்ளே மடியும். இங்கே எல்லா இழைகளும் வெளியே துருத்திக்கொண்டிருந்தன.

கூம்பையும் சாக்ஸையும் இழுத்துப் பார்த்தாள்; இரண்டும் கழலவே இல்லை. பிறகு, வேறென்ன செய்வதென்று தெரியாமல், இரட்டைத் துணியில் ஒட்டுப் போட்டுத் தைத்தாள்.

மறுநாள் ஒட்டும் கிழிந்திருந்தது.

கொக்கிகளைக் கழற்றிச் சட்டையை உருவினாள். பூந்தியின் உடம்பு நம்ப முடியாத வேகத்தில் தேறியிருந்தது. வயிற்றில் கறுப்பு வெளுத்து, பூனைமுடி முளைத்திருந்தது. காது சுத்தம். புளிப்பு வாடைகூட இல்லை. விலாவில் அந்த ஓரிடம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, முடியே இல்லாமல் ஈரமாய், கொதித்து ஆறிய பாலின் ஆடைபோல மெலிந்து கிடந்தது. அதிலிருந்து வேறொரு வாடை வந்தது. நாளெல்லாம் தண்ணீரில் கிடந்த கையின் வாடை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆடைக்கு அடியில் ஒரு கோடு எழும்பியது. மெல்ல நகர்ந்து, அமிழ்ந்தது. பிறகு பக்கத்தில் பக்கத்தில் நான்கு கோடுகள், ஒன்றாக எழும்பி, ஒன்றாகக் கீழே இறங்கின. போர்வைக்குள் இருக்கிறவர் போர்வையைப் பிராண்டுவதுபோல.

கரக்.

புழு என்று நினைத்தாள். புழுவாக இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். வீடியோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள். அதில் தோல் துடிப்பது மட்டும்தான் தெரிந்தது. நாய்க்குத் தோல் அப்படித் துடிப்பது சகஜம்தான் என்றும், மற்றபடி ரொம்ப நன்றாக ஆறியிருக்கிறது என்றும், திங்கட்கிழமை ஒரு தடவை கூட்டி வரும்படியும் அவர் பதில் அனுப்பினார்.

பூந்தி முனகத் தொடங்கியது. கோடுகள் வேகவேகமாக எழும்பின. தாங்க முடியாமல் அவள் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தாள்.

பிராண்டல் நின்றது. எதுவோ அவள் கையைத் தேடி மேலே வந்தது. வெதுவெதுப்பாக, மெத்தென்று, அவளுடைய ஒவ்வொரு விரல் நுனிக்கும் நேராக ஒரு நுனி வந்து அழுந்தியது. கட்டை விரலுக்கும்கூட.

கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தாள். வெறும் பித்த நீர்தான் வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு மழையில் நனைந்தபடி நின்றாள். யாரிடம் சொல்வது? அழகிரியிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க மாட்டான். யாரையாவது அனுப்பி இன்றைக்கே ஆற்றில் போடச் சொல்வான். உள்ளே பூந்தி அழுதது. குழந்தை அழுவதுபோல அழுதது. அவள் திரும்பிப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தாள். அழுகை அடங்கியது.

அதற்கப்புறம் கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் பிராண்டல், பிராண்டினால் அழுகை. மெதுவாய் நகத்தால் கீறிக் கொடுத்தால் உள்ளேயிருப்பதும் அடங்கிக் கிடந்தது, நாயும் வாலை ஆட்டியது. தைக்க வேண்டிய துணிகள் மிஷின் மேல் அப்படியே கிடந்தன. அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். விழித்தபோது கை அதன் பாட்டுக்குக் கீறிக்கொண்டிருந்தது. நகம் எல்லாம் சாம்பல் நிறம். அதைப் பார்த்து இப்போது குமட்டல்கூட வரவில்லை. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது.

சனிக்கிழமை பிற்பகல் அழகிரி கூப்பிட்டான். லோடு சீக்கிரம் இறங்கிவிட்டதாம், சமயபுரம் தாண்டி வந்துகொண்டிருக்கிறானாம்.

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க," என்றாள். "முடியெல்லாம் முளைச்சிருச்சு. வந்து பாருங்க."

ஒரு தடவை குளிப்பாட்டிவிட்டால் பளிச்சென்று இருக்கும். புதுச் சட்டை ஒன்றைப் போட்டு அந்த இடத்தை மறைத்துவிடலாம். அவ்வளவுதான். தொட்டியைக் கூடத்துக்கே இழுத்து வந்து ஓட்ஸ் தண்ணீரைக் கரைத்தாள். மழை இருட்டில் கரண்டும் போய்விட்டது. கதவிடுக்கில் வந்த சாம்பல் வெளிச்சத்தில் பூந்தியைத் தூக்கி உள்ளே இறக்கினாள். அது சமத்தாய் நின்றது.

முதுகு. கழுத்து. கால்கள். அந்த இடத்தைத் தொடாமல் சுற்றிலும் தேய்த்தாள்.

தண்ணீர் வெள்ளையாய்க் கலங்கியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. விரல் தவறி விலாவில் பட்டது.

பாலாடைபோன்ற அந்தத் தோல் பிரிந்தது.

சத்தமில்லை. ரத்தமில்லை. ஈரத் தாள் கிழிவதுபோல.

பூந்தி பெருமூச்சு விட்டது. நீளமாக. இத்தனை நாள் கழித்து. வால் தண்ணீரில் தட்டிக்கொண்டது, தப் தப்பென்று.

அவள் கையை வெளியே எடுக்கப் பார்த்தாள். மணிக்கட்டை ஏதோ பிடித்திருந்தது. கலங்கிய தண்ணீருக்கு மேலே அது அவள் கையோடு சேர்ந்து எழுந்து வந்தது. வெளிறி, ஊறி, சுருங்கிய விரல்கள். பொருக்கும் நாய்முடியும் ஒட்டிய விரல்கள். அவை அவளை இழுக்கவில்லை. பிடியைத் தளர்த்தின. முன்கை மீது தடவிக்கொண்டே ஏறின. நின்றன. தேடின.

பிறகு மெல்ல, நகத்தால், அவளுக்குச் சொறியத் தொடங்கின.

கரக். கரக்.

அலற வாயைத் திறந்தாள். அலறல் வரவில்லை. அங்கே அரித்துக்கொண்டிருந்தது என்றே அவளுக்கு இதுவரை தெரியாது. எவ்வளவு நாளாக அரித்ததோ. எலும்பு வரைக்கும் இதமாக இருந்தது. கண்கள் தாமாகச் செருகின.

வாசலில் லாரி வந்து நின்றது. ஹாரன் அடித்தது. அழகிரி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

விஜயராணி தொட்டியோரம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டு, முழங்கையின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.