ரேணு என்கிற ஃபோல்டர்

மழையில் நனைந்த ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு நாகராஜ் தாராவி வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கும் நேரம். நவி மும்பையில், மனைவி ஷ்யாமளாவோடு குடியிருக்கும் கோபர்கைரனேயிலிருந்து வருகிறான். ஆவுடையம்மாளுக்கு ஒரே தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அக்கா டீ கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. அவளுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை.

ஏற்பாடு அவள் புருஷன் இசக்கிராஜுடையது. போன மழைக்காலத்தில் டெங்கு காய்ச்சலில் போய்விட்ட மகள் ரேணுவின் போட்டோ, பாட்டு, பேச்சு எல்லாம் அவளுடைய பழைய கம்ப்யூட்டருக்குள் கிடந்தன. அந்தக் கம்ப்யூட்டரும் இப்போது புகைந்து செத்துவிட்டது. ஹார்டு டிஸ்க்கையாவது காப்பாற்றாவிட்டால் பிள்ளையின் குரல்கூட மிஞ்சாது. பெற்றவனுக்கு அதை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

"அது இருக்க எடத்துலயே இருக்கட்டும்ங்க. நோண்டாதீங்க," என்றாள் ஆவுடை.

காரணம் இருந்தது. இரும்பு ஏணிக்கு மேலே, ரேணு படித்த சின்ன அறையில், தினமும் இருட்டும்போது கீபோர்டு தட்டும் சத்தம் கேட்கும். எதிலும் சொருகாத கீபோர்டு. ஆவுடை ஏணிக்கடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் மட்டும்தான் அவள் முகத்தில் களை இருக்கும். இசக்கிராஜுக்கும் கேட்டது. எலி என்று சொல்லிச் சமாளித்தான். எலிக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவளும் கேட்கவில்லை.

நாகராஜ் டிஸ்க்கைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, அதற்குத் தனியாகக் கரண்ட் கொடுத்து, வயரைத் தன் லேப்டாப்பில் சொருகினான். டிஸ்க் சளி கட்டிய நெஞ்சு மாதிரி இழுத்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளை விட்ட மூச்சு இசக்கிராஜுக்கு ஞாபகம் வந்தது. திரையில் ஒரே ஒரு ஃபோல்டர் தெரிந்தது. ரேணு.

"சீக்கிரம் எடுத்துரணும் அத்தான். எந்த நிமிஷமும் நின்னுரும்."

பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. மேலே கீபோர்டு சத்தம் கேட்டது. கோடு பாதியைத் தாண்டியதும் அது நின்றது.

பிறகு ஏணியில் கேட்டது.

வெறுங்கால் ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம். தேங்காயெண்ணெயும் பவுடரும் கலந்த வாசனை கூடவே இறங்கி வந்தது.

ஏணியில் யாரும் இல்லை.

வாசனை இசக்கிராஜின் தோளை உரசிக்கொண்டு போய் லேப்டாப்பின் முன்னால் நின்றது. கோடு நிறைந்தது. அதோடு வாசனையும் போய்விட்டது.

"நிறுத்துல!" என்று ஆவுடை கத்தியபோது காரியம் முடிந்திருந்தது. நாகராஜ் லேப்டாப்பை மூடினான். ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவில் போட்டுக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் விறுவிறுவென்று கிளம்பிப் போனான்.

மறுநாள் இருட்டும்போது ஆவுடை ஏணிக்கடியில் உட்கார்ந்தாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. வெங்காயம் உரிபடாமல் கிடந்தது.

"எம்பிள்ளைய எங்க அனுப்புனீங்க?" என்று கேட்டாள்.

இசக்கிராஜ் மச்சினனுக்குப் போன் போட்டான். "மாப்ள, நீ காப்பிதான பண்ணுன?"

"இல்ல அத்தான், கட் பண்ணி என் லேப்டாப்புல போட்டேன். நடுவுல நின்னா எது மிச்சம்னு தெரியணும்லா? பழைய டிஸ்க்குல இப்ப ஒண்ணும் இல்ல."

காப்பி என்றால் அங்கேயும் இருக்கும், இங்கேயும் இருக்கும். கட் என்றால் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவது. இசக்கிராஜ் அதைச் சொன்னதும் ஆவுடைக்கு விளங்கிவிட்டது.

"அப்பம் ரெண்டாந்தடவையும் பிள்ளையத் தூக்கிக் குடுத்துட்டோம்," என்றாள்.

மகளைப் பறிகொடுத்த அன்றுகூட அழாத இசக்கிராஜ், போனைக் காதில் வைத்தபடியே உடைந்து அழுதான்.

போனில் நாகராஜின் குரல் தாழ்ந்தது. "அத்தான்... நானே கூப்பிடணும்னு இருந்தேன். லேப்டாப் இருக்க ரூம்ல, இருட்டுனா, யாரோ செவுத்தத் தடவுதாங்க. இப்பவும் கேக்கு. ஷ்யாமளா பயந்து என் கைய விட மாட்டேங்கா."

"என்ன கேக்கு?"

"'மாமா, இங்க லைட் சுவிட்ச் எங்க இருக்கு'ன்னு."

ஆவுடை போனைப் பிடுங்கினாள். "ஏல, ஸ்பீக்கர்ல போடு." பிறகு அவள் குரல் குழைந்தது. "ரேணு... ஏட்டி, மக்கா. பயப்படாத. அம்மா இந்தா கெளம்பிட்டேன். கதவுக்குப் பக்கத்துல பாரு. கொஞ்சம் எக்கிப் போடு."

அந்தப் பக்கம் சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது.

"அக்கா," என்றான் நாகராஜ். "நானும் ஷ்யாமளாவும் ஹால்லதான் நிக்கோம். ரூம்ல லைட் எரியுது."