மூன்றாவது கேள்வி

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரத்த வங்கி வேன் மாரண்டஹள்ளி கல்யாண மண்டபத்து வாசலில் வந்து நின்றது. எல்லோரும் இறங்கிய பிறகும் நர்ஸ் வெண்மதி உட்கார்ந்தே இருந்தாள்.

"என்னம்மா, ஊசி குத்தறவங்களுக்கே பயமா?" என்று டாக்டர் பச்சியப்பன் கேலி செய்தார்.

சிரித்து வைத்தாள். போன வருஷமும் இதே மண்டபம்தான், இதே சனிக்கிழமைதான்.

அன்று காளியப்பன் என்று ஒருவர் வந்தார். நெற்றி நிறைய நாமம். தக்காளி டெம்போவை வெளியே நிறுத்திவிட்டு, "பாலக்கோடு மண்டிக்குப் போவணுங்க, சட்டுனு எடுத்துக்குங்க" என்றார். படிவத்தில் மூன்றாவது கேள்வி, சாப்பிட்டாரா என்பது. வரிசை வாசல்வரை நின்றது. வெண்மதி கேட்கவே இல்லை. 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு இடது கையில் ஊசியை ஏற்றினாள். நாமம் போட்டவர் புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாளுக்குத் தளிகை படைக்காமல் பல்லில் ஒன்றும் படவிட மாட்டார் என்பது அந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

கொடுத்த ஜூஸ் டப்பாவைப் பிரிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கால்மணி நேரம் படுக்கவும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தின் பின்வாசல் வழியாகப் போனவர், சிமெண்ட் படிக்கட்டின் உச்சியில் மயங்கி, தலைகுப்புற உருண்டார். மண்டையில் அடி. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். ரத்தம் கொடுத்து இப்படி ஆவது எங்கோ அபூர்வமாக ஒன்று என்றார்கள். படிவத்தில் டிக் இருந்ததால் விசாரணையும் அத்தோடு முடிந்தது.

இந்த வருஷம் வெண்மதி ஒவ்வொருவரையும் இரண்டு முறை கேட்டாள். நாமம் தெரிந்த ஆட்களைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் திருப்பி அனுப்பினாள். பதினொன்றரைக்கு அவளுடைய தம்பி ரஞ்சித்குமார் வந்து படுத்தான்.

"சாப்பிட்டியாடா?"

"நாலு இட்லிக்கா."

"நெசமா?"

"நெசமாத்தான்."

நெற்றியில் நாமம் இல்லை. வலது கையில் ஊசி போட்டாள். பை நிரம்பும்போதுதான் அவன் மூச்சில் துளசி மணத்தது. நெற்றிக்கு மேலே, முடி ஓரத்தில், துடைத்தும் போகாத வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது.

"பொய்யாடா சொன்ன?"

"சொன்னா நீ வுட மாட்டியேக்கா. கூட்டாளி ஒருத்தன் பொண்டாட்டிக்கு ஆபரேசன், ரத்தம் கேட்டான்."

சாப்பாட்டுக் கூடத்துக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ப் படுக்க வைத்தாள். ஜூஸை நீட்டினால், "தளிகை ஆவட்டுங்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் வரும்வரை அசையாதே என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் போனில் இருந்தார். கையைக் காட்டி அவசரம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

கூடத்தில் அழுகிய தக்காளியின் புளித்த வாடை அடித்தது.

சுவரைப் பார்த்து ஒருவன் படுத்திருந்தான். தம்பிதான் என்று நினைத்தாள். "எந்திரிச்சு ஜூஸைக் குடிடா சாமி" என்றாள்.

அவன் அசையவில்லை.

மேலே மின்விசிறி சுழன்றது. பக்கத்துப் படுக்கை விரிப்பு படபடத்தது. அவன் சட்டை மட்டும் ஆடவில்லை.

தம்பி போட்டிருந்தது நீலச் சட்டை. இது வெள்ளை.

இடது முழங்கையில் பழுப்பேறிய பஞ்சு ஒட்டியிருந்தது. சட்டைப் பையில், ஸ்ட்ரா பிரிக்காத ஜூஸ் டப்பா துருத்திக்கொண்டு நின்றது.

ஒரு வருஷமாக வெண்மதிக்கு உள்ளேயே கிடந்த கேள்வி தானாக வெளியே வந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க."

குரல் அவள் காதோரத்தில் கேட்டது.

திடுக்கிட்டுத் திரும்பினாள். யாரும் இல்லை. மறுபடி பார்த்தபோது படுக்கையும் காலி. பின்வாசல் விரியத் திறந்திருந்தது.

ஓடினாள்.

படிக்கட்டின் உச்சியில் ரஞ்சித்குமார் நின்றிருந்தான். இடது கையை முன்னால் நீட்டியிருந்தான், யாரோ பிடித்து அழைத்துப் போவதுபோல. ஒரு கால் அந்தரத்தில். சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அவள்மேலேயே சாய்ந்தான். கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. ஓடிவந்த டாக்டர் கால்களைத் தூக்கிப் பிடித்து, சலைன் ஏற்றி, நாடி திரும்பக் கால்மணி நேரமாயிற்று.

வெண்மதி உடைந்து அழுதாள். "சார், போன வருஷம் அவர நான் கேக்கவே இல்ல. சும்மா டிக் போட்டுட்டன்."

பச்சியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாருகிட்டயும் சொல்லாதம்மா. முடிஞ்சதக் கெளறாத."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கும் இருந்தது. சரி சார் என்றாள்.

சாயங்காலம் வீட்டில் தளிகை படைத்தார்கள். அம்மா ராமக்காள் இலை போட்டுப் பரிமாறினாள். ரஞ்சித்குமார் தலை நிமிராமல் சாப்பிட்டான். மூன்று தடவை சோறு வாங்கினான். பிள்ளை பிழைத்துவிட்டான் என்று வெண்மதிக்கு மனம் குளிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைக் கோதினாள்.

"வயிறு நெறய சாப்பிட்டியாடா?"

மெல்ல நிமிர்ந்தான். முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"இல்லீங்க" என்றான். "நீங்கதான் கேக்கவே இல்லீங்களே."

அவள் ஊசி போட்ட வலது கை, சோற்றில் கிடந்தது, அதில் ரத்தம் கசியவில்லை. ஊசியே படாத இடது முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.