இருபத்தைந்தாம் நம்பர்

"இருபத்தஞ்சாம் நம்பர் யாருக்குங்க?"

கேட்ட வேகத்தில் கத்தரீனாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில், தொப்பலாக நனைந்து, ஒரு காகிதத்தை மட்டும் நனையாமல் பிடித்தபடி ஒருவன்... ஏலக்காய் வியாபாரி சுவக்கீன். பெயர் தெரியும். முகத்தை இன்றுதான் பார்க்கிறாள்.

உடும்பஞ்சோலைப் பக்கத்தில் அந்தக் குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு இருந்ததே இருபத்தைந்து நம்பர்தான். கடைசி நம்பர் வரிசைப்படி அவனுக்கு. அதைத் தூக்கி மருத்துவச்சி பூமாரிக்குக் கொடுத்துவிட்டாள், ஆபரேட்டர் கத்தரீனாள். போன மாதம் மருத்துவச்சிக்குத் தகவல் சொல்ல வழியில்லாமல் எஸ்டேட்டில் ஒரு குழந்தை பிறக்கும்போதே போய்விட்டது. அவளால் அதை மறக்க முடியவில்லை.

"மூணு வருசத்துக்கு முந்தி கொடுத்த மனுங்க இது! போடிச் சந்தையில ஏலக்காய் என்ன விலைன்னு தெரியாம தினம் ஏமாறுறேன். நீங்க பாட்டுக்குத் தூக்கிக் கொடுத்துருவீங்களா?"

"தப்புதான். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. புகார் எழுதிக் கொடுங்க."

"வேலை போயிருமே!"

"போகட்டும்."

"ஒரு வார்த்தை கெஞ்சுனா விட்டுருவேன்."

"கெஞ்ச மாட்டேன்."

அம்மாடி, அவளுக்கு என்ன கண்கள்... அவன் ஒரு கணம் தடுமாறினான். பிறகு விறுவிறுவென்று மழையில் இறங்கிவிட்டான். அந்த வேலையில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. 'திமிர் பிடித்தவளே... கெஞ்சினால் என்ன குறைந்துவிடும்?' என்று கத்தரீனாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் டெலிபோன் இன்ஸ்பெக்டர் துரைசுவாமி பதிவேட்டில் விரலை வைத்தார். "வரிசை மாறியிருக்கே... யாரைக் கேட்டு மாத்தினேள்?"

அவள் வாய் திறப்பதற்குள் சுவக்கீன் வந்துவிட்டான். மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்தான். புகார்தான் என்று நினைத்தாள் கத்தரீனாள். முடிந்தது கதை...

"ஓ, இவரே விட்டுக் கொடுத்துட்டாரா? இதை முன்னாடியே ஃபைல்ல வெச்சிருக்கப்படாதா?" கையெழுத்துப் போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் கிளம்பினார்.

"போன வாரத் தேதியைப் போட்டு... ஏன் இப்படி எழுதினீங்க?" கத்தரீனாள் கேட்டாள்.

"நேத்து மழைக்கு ஜீப்பை ஓரங்கட்டிட்டுப் பூமாரியக்கா வீட்டுல ஒதுங்குனேன். போன் அடிச்சுச்சு. என் ஜீப்புலதான் அவங்களப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பொம்பளப் புள்ள... நல்லா இருக்கு."

"அதுக்காக மட்டுமா?"

"இல்ல..." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கெஞ்ச மாட்டேன்னு ஒரு பார்வை பாத்தீங்களே... அதுலேருந்து எனக்கு வேற நெனப்பே இல்லங்க. உங்களப் புடிச்சிருக்கு."

வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

"இனி உங்களுக்கு நம்பர் எப்ப வருமோ... காய் விலைக்கு என்ன செய்வீங்க?"

"இங்க வந்துதான் கேக்கணும். வரலாமா?"

அவள் நிமிர்ந்தாள். கண்கள் தளும்பியிருந்தன.

"தினமும் வாங்க..." என்றாள். "இப்பக் கெஞ்சுறேன்."