கைப்பிடி வைத்த நாற்காலி

அழித்த இடம் திரும்பி வரவில்லை.

ஜீவானந்தம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை மறுபடியும் பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் சாவு வீடியோக்கள் இருந்த ஃபோல்டரை அப்படியே நீக்கியிருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோக்கள், ஒன்றரை டெராபைட். நீக்குவதற்கு முன்பு எண்ணிக்கையை நோட்டில் எழுதி, தேதி போட்டு, அடிக்கோடும் இட்டிருந்தார். ஃபோல்டர் இப்போது இல்லை. ஆனால் டிஸ்க்கில் காலி இடம் மட்டும் நேற்று எவ்வளவு காட்டியதோ அவ்வளவேதான் காட்டியது.

இருபத்து நான்கு வருஷமாக ஜமுனாமரத்தூரிலும் சுற்றியிருக்கும் மலைக் கிராமங்களிலும் கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எதற்குக் கூப்பிட்டாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர். எடுத்தது எல்லாம் முன்கூடத்து டிவிக்குக் கீழே இருந்தது: ஒரு சின்ன கம்ப்யூட்டர், அதோடு கோத்த நான்கு ஹார்ட் டிஸ்க்குகள். வருகிறவர்கள் கூடத்தில் உட்கார்ந்து தங்கள் வீட்டு விசேஷத்தை டிவியில் பார்த்துவிட்டு, வேண்டுமானால் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இதற்கு வீட்டு சர்வர் என்று பேர் என்று சொல்லிக்கொடுத்து அமைத்துத் தந்தவர் வாணியம்பாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் காலித். நான்கு டிஸ்க்கும் நிரம்பிவிட, அவரிடமே பதினெட்டு டெராபைட்டில் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கியாயிற்று. பழையதை அதற்கு மாற்றுமுன் வேண்டாததைக் கழித்துவிடலாம் என்றுதான் ஜீவானந்தம் சாவு ஃபோல்டரில் கை வைத்தார். கல்யாண வீடியோவைப் பத்து வருஷம் கழித்தும் வந்து கேட்கிறார்கள். சாவு வீடியோவை ஒருவர்கூட இரண்டாம் தடவை கேட்டதில்லை.

போனில் காலித்துக்கும் காரணம் தெரியவில்லை.

"குப்பைத் தொட்டியில கெடக்கும் ஜீவாண்ணா. அதையும் காலி பண்ணுங்க."

"பண்ணிட்டேன் பாய். அதுல ஒண்ணுமே இல்ல."

"அப்ப எடத்த வேற எதுனா புடிச்சிருக்கும். நீங்க ஒண்டி ஆளு, உங்க சர்வர்ல வேற யாரு குடித்தனம் இருக்காங்க?" காலித் சிரித்தார். "இன்னொரு பெரிய டிஸ்க்கு வந்திருக்கு. கல்பனா நாளைக்கு மலைக்கு வருதாமே, அது கையில குடுத்தனுப்பறேன். பத்தலன்னா அதையும் கோத்துக்குங்க."

கல்பனா ஒரே மகள். வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்த இடம். மாப்பிள்ளை ராஜ்குமாருக்கு ஷூ கம்பெனியில் வேலை. கல்பனா இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

போனை வைத்த பிறகு கூடம் அமைதியாக இருந்தது. கார்த்திகை மாதத்து மூடுபனி ஜன்னல் கம்பிகளுக்குள் நுழைந்து, ஈரமண் வாசனையும் எங்கோ எரியும் சாமைத் தட்டையின் புகை வாசனையுமாகத் தரையோடு படர்ந்துகொண்டிருக்க, டிவிக்குக் கீழே டிஸ்க்குகள் மட்டும் கரகரவென்று அவ்வப்போது ஓடி நின்றன. பதினைந்து வருஷமாகக் கேட்ட சத்தம்தான். இன்றைக்கு என்னவோ, பக்கத்து அறையில் ஒவ்வொருவராக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற மாதிரி இருந்தது.

பதினோரு மணிக்குத் தீர்த்தகிரி வந்தார். மேல்பக்கத்து ஊரில் சாமையும் புளியும் வைத்திருக்கிற விவசாயி. மகன் கல்யாண வீடியோ வேண்டுமாம். பெங்களூரில் இருக்கிற மகன் கேட்டானாம். பென் டிரைவில் ஏற்றிக்கொண்டே ஜீவானந்தம் அதை டிவியிலும் ஓடவிட்டார். தாலி கட்டி முடிந்து, கேமரா பந்தலுக்குள் திரும்பியது. வாடகைக்கு எடுத்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசை.

"அப்பா," என்றார் தீர்த்தகிரி.

பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே ஒரே ஒரு தேக்கு நாற்காலி இருந்தது. கைப்பிடி வைத்தது. அதில் தீர்த்தகிரியின் அப்பா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சாமந்தி மாலை. நெற்றியில் ஒரு ரூபாய். வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையையும் தலையையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி. பேரன் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே செத்துப்போனவர்.

அந்த நாற்காலி ஜீவானந்தத்துடையது.

இந்தப் பக்கத்தில் செத்தவர்களை உட்கார வைத்து, மாலை போட்டு, குடும்பமே சுற்றி நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். உடம்பு சரியாமல் இருக்கக் கைப்பிடி வேண்டும்; அப்படி நாற்காலி எல்லார் வீட்டிலும் இருக்காது. அதனால் கேமராவோடு தன் நாற்காலியையும் ஆட்டோவில் ஏற்றிப் போவது ஜீவானந்தத்தின் வழக்கம். திரும்பி வந்ததும் கழுவிப் பின்னறையில் வைத்துவிடுவார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அதில்தான் உட்கார்ந்தார்கள். உயிரோடு இருக்கிற யாரும் அதில் உட்காரக்கூடாது என்பது அவர் மனைவி சாந்தம்மாள் போட்ட சட்டம். நான்கு வருஷம் முன்பு அவளும் அதில் உட்கார்ந்தாள்.

தீர்த்தகிரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷம்.

"செத்தவங்கள கல்யாணத்துல சேத்து வுடுற கிராபிக்ஸ் திருப்பத்தூர்ல பண்றாங்கன்னு சொன்னாங்க. நீங்களும் கத்துக்கினீங்களா? ஒரு வார்த்த சொல்லல பாரு! ஆனா அந்தத் தாடக்கட்ட மட்டும் எடுத்துட்டிருக்கலாம்ணா. கல்யாணத்துல போயி அது இன்னாத்துக்கு?"

ஜீவானந்தம் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் அந்த நாற்காலியின் கைப்பிடியை உற்றுப் பார்த்தார்.

"ஆமா, அந்த எடத்துல எங்க மங்கம்மா இல்ல உக்காந்திருந்தா? அவள எங்க தூக்கிப் போட்டீங்க? மாமனாருக்காவ என்னயே தூக்கிட்டீங்களான்னு என்ன உயிரோட வுடமாட்டா." தீர்த்தகிரி சிரித்தார். பிறகு வீடியோவை முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லி மனைவியைத் தேடினார். சாப்பாட்டுப் பந்தியில் இல்லை. பெண்கள் கூட்டத்தில் இல்லை. மருமகள் காலில் விழுந்து கும்பிடுகிறாள். அவளுக்கு எதிரே யாரும் இல்லை. "நல்லா அழிச்சிட்டீங்க போ," என்று சொல்லிவிட்டுப் பென் டிரைவை மடியில் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் பன்னிரண்டரைக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"ஜீவாண்ணா." பின்னால் மாடு கத்தியது. "மங்கம்மா போய்ட்டா. மாட்டுக்குத் தண்ணி காட்டினு இருந்தா. அப்பிடியே குந்தினா. அவ்ளோதான். நாளைக்குத்தான் எடுக்கறம், படம் இன்னிக்கே எடுத்துரலாம். அஞ்சு மணிக்கு ஆட்டோ அனுப்பறேன். நாற்காலியும் எடுத்தாந்துருங்க."

ஜீவானந்தம் பின்னறைக்குப் போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்கூடத்தில் பாஸ்போர்ட் படம் எடுக்கக் கட்டியிருந்த நீலத் திரைக்கு முன்னால் அதைப் போட்டார். எதிரே முக்காலியில் கேமராவை மாட்டி, பேட்டரியைச் சோதித்து, அணைத்தார். இதெல்லாம் கைகள் தாமாகச் செய்கிற வேலை. மனம் வேறு ஒன்றைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. ஃபோல்டரை அழித்தோம். செத்தவர்கள் அழியவில்லை. உட்கார இடம் தேடினார்கள். தீர்த்தகிரியின் அப்பா மங்கம்மாள் இடத்தில் உட்கார்ந்தார். மங்கம்மாள் இல்லை.

அழித்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுக்குப் பேரே கிடையாது. மனைவியின் பேரை எழுதக் கை வராமல் வெறும் தேதியை மட்டும் போட்டு வைத்தது. பட்டியலைப் பார்க்காமல் மொத்தமாக அழித்தபோது அதுவும் போயிருக்கும்.

அவர் கல்பனாவின் கல்யாண வீடியோவைத் திறந்தார்.

வரவேற்பு மேடை. சிவப்பு வெல்வெட் நாற்காலியில் ராஜ்குமார், பட்டு வேட்டியில், யாருக்கோ கை கொடுத்துச் சிரிக்கிறான். பக்கத்தில் இருக்க வேண்டிய இன்னொரு சிவப்பு நாற்காலி இல்லை. தேக்கு நாற்காலி. அதில் சாந்தம்மாள். கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்பு செத்த சாந்தம்மாள். அதே அரக்குச் சேலை, அதே மாலை, அதே வெள்ளைத் துணி. பரிசு கொடுக்க வந்தவர்கள் அவள் மடியில் பொட்டலங்களை வைத்துவிட்டுப் போனார்கள். ஒன்று சரிந்து விழுந்தது. அவள் குனியவில்லை.

கல்பனா எங்கும் இல்லை.

போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும். அதேதான். மாப்பிள்ளைக்குப் போட்டார். ராஜ்குமார் எடுத்தான்.

"முக்கா மணி முன்னாடிதான் பஸ் ஏத்திவுட்டேன் மாமா. ஆலங்காயம் தாண்டினா டவர் இருக்காது. நாலரைக்கு வந்துரும். ஏன் மாமா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

போனை வைத்துவிட்டுக் காலித்தைக் கூப்பிட்டார். அழித்ததைத் திருப்பி எடுக்க வழி உண்டா?

"இருக்கு. மேல எதுவும் எழுதலன்னா வந்துரும். ஆனா திரும்பி வர்றத வேற டிஸ்க்குல வைக்கணும். புதுசு காலியாதான இருக்கு? அதுல எடம் குடுங்க."

எடம் குடுங்க. அதைத்தான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். பதினெட்டு டெராபைட். எல்லோருக்கும் போதும். அவரவர் இடத்தில் அவரவர் உட்காரட்டும்.

காலித் சொன்னபடி ஒவ்வொன்றாக அழுத்தினார். மணி ஒன்று பத்து. மூன்று மணி நேரம் ஆகும் என்றது திரை. ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு வீடியோ திரும்பும்போதும் ஒரு டிஸ்க் கரகரத்து நிற்க, அடுத்தது கரகரக்க, வெளியே பனி இறங்கி எதிர்வீட்டுச் சுவர் மறைந்து, தெருக்குழாய் மறைந்து, கடைசியில் ஜன்னல் கம்பிக்கு அப்பால் வெறும் வெள்ளையாகிவிட்டது. கூடத்தில் வாடிய சாமந்தியும் ஊதுபத்தியும் கலந்த வாசனை. ஊதுபத்தி ஏற்றவில்லை. பூவும் வாங்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் எண்ணிக்கையை நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தார். நூறு. நூற்று நாற்பது. இடையிடையே கல்பனாவின் எண். தொடர்பு எல்லைக்கு வெளியே.

நாலு மணி இருபது நிமிஷத்துக்கு முடிந்தது.

கல்யாண வீடியோவைத் திறந்தார். தேக்கு நாற்காலி இல்லை. சிவப்பு நாற்காலி திரும்பி வந்திருந்தது. சாந்தம்மாள் எழுந்து போயிருந்தாள்.

சிவப்பு நாற்காலி காலியாக இருந்தது.

ராஜ்குமார் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஜீவானந்தம் ஓட்டினார். கடைசிவரை ஓட்டினார். காலி.

புது டிஸ்க்கைத் திறந்து எண்ணினார். இருநூற்றுப் பதின்மூன்று.

நோட்டைப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினார். கடைசியில் ஒன்று கூடுதல். பேர் இல்லை. தேதி மட்டும். இன்றைய தேதி. நேரம் நாலு நாற்பது. நீளம் பதினொரு நொடி.

சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தாறு.

பக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு படம். தேக்கு நாற்காலி. பச்சைச் சேலை. தலையைச் சுற்றி வெள்ளைத் துணி. முகம் தெரியவில்லை. மங்கம்மாள்தான் என்று நினைத்தார். மங்கம்மாளாகத்தான் இருக்க வேண்டும். ஐந்து மணிக்கு எடுக்கப் போகிற படம் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

ஆனால் பின்னால் நீலமாக இருந்தது.

மங்கம்மாள் வீட்டில் நீலத் திரை ஏது?

மவுஸின்மேல் விரலை வைத்தார். அழுத்த முடியவில்லை. விரல் அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வாசலில் ஆட்டோ சத்தம்.

"அப்பா!"

கல்பனாவின் குரல். உயிருள்ள குரல். எரிச்சலும் அலுப்புமாக, எப்போதும் போல. "அப்பா, கதவத் தொற! இந்த ஆளு சில்ற இல்லன்றான்."

அவர் ஓடினார். சில்லறை கொடுத்தார். எவ்வளவு கொடுத்தார் என்று தெரியாது. மகளின் கையைப் பிடித்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது, ஆனால் அவளே கையை உதறினாள். "இன்னாப்பா இப்பிடி வேர்த்துக் கெடக்குற? இந்தக் குளிர்ல?" மூச்சு வாங்கினாள். பையை அவரிடம் தள்ளினாள். காலித் கொடுத்த டிஸ்க் பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தாள். "பஸ்ல ஜன்னல் கண்ணாடியே இல்ல. மலை ஏற ஏற காது ரெண்டும் வுட்டுப்போச்சு. கால் பாரு, எப்டி வீங்கிக்கெடக்கு. முதல்ல தண்ணி குடு."

வந்துவிட்டாள். வீட்டுக்குள் வந்துவிட்டாள். ஜீவானந்தத்துக்கு அழுகை வந்தது. அதைக் காட்டாமல் சமையல்கட்டுக்குத் திரும்பி, செம்பை எடுத்து, பானையில் முகர்ந்தார். வெந்நீர் வைக்கலாமா என்று யோசித்தார். அப்போதுதான் அவள் கட்டியிருந்த சேலையின் நிறம் மனதுக்குள் வந்து நின்றது.

முன்கூடத்தில் நாற்காலியை இழுக்கிற சத்தம்.

டிஸ்க் சத்தம். டிஸ்க்தான்.

டிஸ்க் வேலையை முடித்து இருபது நிமிஷம் ஆகிறது.

அவர் வந்து நின்றார்.

நீலத் திரைக்கு முன்னால் கல்பனா உட்கார்ந்திருந்தாள். கைப்பிடிகளின்மேல் இரண்டு கைகளும். முதுகு நேராக. மேடிட்ட வயிற்றின்மேல் டிஸ்க் பெட்டி. குளிருக்காகப் புருஷனின் வெள்ளைத் துண்டை இரண்டு காதையும் மூடித் தாடைக்கு அடியில் இறுக்கிக் கட்டியிருந்தாள். கண்கள் மூடியிருந்தன.

கூப்பிட்டார்.

அவர் அணைத்து வைத்த கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. சின்னத் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஆறு.

ஏழு.

எட்டு.