ஒரு தலை குறைகிறது

அந்த வீட்டுக் கதவில் யாரோ ஏற்கெனவே நம்பர் எழுதிவிட்டிருந்தார்கள்!

கடுகு விரலால் தொட்டுப் பார்த்தாள். நீல பெயின்ட் பிசுபிசுவென்று ஒட்டியது. இரண்டு மணி நேரம்... தூறலில், வழுக்குப் பாறையில், ஒரு கையில் பெயின்ட் டப்பா, மறு கையில் படிவக் கட்டு என்று மலையேறி வந்தவளுக்கு எப்படி இருக்கும்? சுர்ரென்று ஏறியது.

கடுகு என்பது அவள் அப்பா வைத்த செல்லப்பெயர். ஆள் சிறுத்தாலும் காரம் குறையவில்லை என்று கீழ்வட்ட அலுவலகத்தில் எல்லாருமே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அங்கே அவள் கிளார்க். இப்போது மக்களை எண்ணுகிற வேலை.

அடுத்த வீட்டு வாசலில் ஒரு நெட்டை ஆசாமி, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, நாக்கை லேசாகத் துருத்தியபடி அடுத்த நம்பரை எழுதிக்கொண்டிருந்தான்.

"ஹலோ! யாரைக் கேட்டு எழுதறீங்க?"

"இருங்க, இந்த எட்டை முடிச்சுக்கறேன். பாதியில விட்டா மூணாயிடும்."

எழுதி முடித்துவிட்டுத் திரும்பினான். மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணீர். கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தான். கண்ணாடி இல்லாத அந்தப் பார்வையில் அவள் அவனுக்குச் சரியாகத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அவளுக்கு அவன் கண்கள் தெரிந்தன. மழையில் நனைந்த இமைகள்... பொய் சொல்லத் தெரியாத கண்கள்... திட்டுவதற்கு என்று சேர்த்து வைத்திருந்த நாலு வார்த்தையில் இரண்டு மறந்துபோய்விட்டது.

மீதி இரண்டு போதாதா?

"இது எங்க கீழ்வட்டம். உங்க இஷ்டத்துக்கு வந்து நம்பர் போடுறதுக்கு இது என்ன உங்க வீட்டுச் சுவரா?"

"மன்னிக்கணும், இது மேல்வட்டம். நான் மேல்வட்ட ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். இந்த மாசம் எண்ணுற டியூட்டி. இதோ வரைபடம்."

அவள் தன் வரைபடத்தை விரித்தாள். இரண்டிலும் எல்லை என்னவோ ஓடைதான். வம்பு ஓடையிலேயே இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் மலை சரிந்தபோது அது வழி மாறி ஊரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் படத்தில் பழைய ஓடை, அவன் படத்தில் புது ஓடை. நடுவே பதினொரு வீடு, நாற்பத்து மூன்று பேர்.

"நல்லா இருக்கு கூத்து!" என்றபடி கோழிகளை விரட்டிக்கொண்டு வெளியே வந்தாள் வீட்டுக்கார அக்கா. "ஏழு வருஷமா ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. இன்னைக்கு ரெண்டு பேர் போட்டி போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. எண்ண வந்தீங்களா, முறைக்க வந்தீங்களா? மழையில நிக்காம உள்ள வாங்க."

உள்ளே ஒரே பெஞ்சு. இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் அவன், நடுவில் இரண்டு பெயின்ட் டப்பா. சூடான டீ உள்ளே போனதும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"உங்க வட்டத்துல பத்தொன்பதாயிரம் பேர். நாப்பத்து மூணு உங்களுக்கு ஒரு பொருட்டே இல்ல. எங்களுக்கு ஆறாயிரம் பேர் இருந்தாத்தான் தனி வட்டம். ஒருத்தர் குறைஞ்சாலும் உங்களோட சேர்த்துடுவாங்க. எங்க ஆஸ்பத்திரியையும் மூடிட்டு மேல கொண்டுபோயிடுவாங்க."

"மேல பெரிய ஆஸ்பத்திரி இருக்கே?"

"ரெண்டு மணி நேரம் ஆகும்! போன வருஷம் எங்கப்பாவுக்கு நெஞ்சுவலி வந்துச்சு. பத்து நிமிஷத்துல கீழ ஆஸ்பத்திரியில சேர்த்தோம். இன்னும் அரை மணி ஆகியிருந்தா..." அவள் கண்ணோரத்தைப் புறங்கையால் ஒற்றிக்கொண்டாள். "இப்பவும் அந்த டாக்டரம்மாவை வழியில பார்த்தா எனக்கு வார்த்தையே வராது. அவங்களுக்காகத்தான் இந்த மலையெல்லாம் ஏறிட்டிருக்கேன்."

வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தான்.

"நாப்பத்து மூணு பேரையும் நீங்களே எடுத்துக்குங்க."

அவ்வளவுதான்! மறுபடி காரம் ஏறிவிட்டது.

"என்ன, தானம் பண்றீங்களா? எனக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். எது சரியோ அதுதான். பொண்ணு கண் கலங்கினா கணக்கை மாத்திடுவீங்களா? நல்ல வாத்தியார்!"

அவன் முகம் சிவந்துபோனது. "சரிங்க. பதிவேட்டைப் பார்த்துட்டே சொல்றேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். அவள் இந்தப் பக்கம் இறங்கினாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள்... சும்மாதான். மழை எப்படி இருக்கிறது என்று பார்க்க. நீங்கள் வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து அவனே கீழ்வட்ட அலுவலகத்துக்கு வந்து நின்றான். கையில் பழைய பதிவேட்டின் நகல்.

"ஓடை வழி மாறினாலும் எல்லை மாறாதுன்னு இதுல தெளிவா போட்டிருக்கு. உங்க படம்தான் சரி. எங்க படம் தப்பு." ஆபீசர், டைப்பிஸ்ட் என்று எல்லார் முன்னாலும் சொன்னான்.

"கணக்கு வாத்தியாருக்கே கணக்கு தப்பிடுச்சா?" என்று சிரித்தார் ஆபீசர்.

அவள் சிரிக்கவில்லை. இவன் இரக்கப்பட்டு எதையாவது திரித்திருந்தால்? மூல ஏட்டை வரவழைத்து, சாயங்காலம் வரை வரி வரியாகப் படித்தாள். அவன் எதிர் நாற்காலியில் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். ஒரு எழுத்துகூடப் பிசகில்லை.

"நம்பிக்கை வந்துச்சா?"

"ம்... வந்துச்சு." பிறகு, தரையைப் பார்த்தபடி, "தேங்க்ஸ்" என்றாள்.

அந்தப் பதினொரு வீட்டையும் இரண்டு வட்டமும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மறுநாள் சேர்ந்தே ஏறினார்கள். அவள் எழுத எழுத அவன் படிவத்துக்குக் குடை பிடித்தான். படிவம் நனையவில்லை, அவன்தான் தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்தான். 'பைத்தியம்... குடைக்குள்ள வந்தா என்னவாம்?' என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. மற்றவர்களிடம் பட்டாசாய் வெடிக்கிற வாய், இவனிடம் மட்டும் ஏனோ நமுத்துப்போனது.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணிக்குள் கணக்கை அனுப்பியாக வேண்டும். அவள் கூட்டினாள். மறுபடி கூட்டினாள். மூன்றாவது தடவையும் அதே எண்தான்.

ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது.

ஆபீசர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். "ஒரே ஒரு தலை! யாராவது ஒரு பேரை எழுதி விட்டுடும்மா. யாரு வந்து எண்ணப் போறாங்க?"

"நாளைக்கு ஒருத்தர் வந்து எண்ணினா, மீதி பேரையும் நம்ப மாட்டாங்க சார். உண்மையா குடியிருக்கிற ஆள் வேணும்."

சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரியின் தகரக்கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்தக் காலைப்பொழுது நினைவுக்கு வந்தது. யாருக்காவது இனி அந்தப் பத்து நிமிஷம் கிடைக்காமல் போனால்...

மணி நான்கு. கதவு திறந்தது. நெட்டை ஆசாமி! ஒரு கையில் டிரங்குப் பெட்டி, மறு கையில் சுருட்டிய படுக்கை.

"குடி வந்திருக்கேங்க. பதிஞ்சுக்கணும்."

ஆபீசர் துள்ளி எழுந்தார். ஆனால் அவள் முகம் கடுகடுவென்றானது.

"உங்களுக்கு யார் சொன்னா?"

"எதை?"

"ஒரு தலை குறையுதுன்னு!"

"குறையுதா என்ன?" அவன் நிஜமாகவே விழித்தான். "பத்து இருபது அதிகமாவே வரும்னு நினைச்சேனே!"

"நடிக்காதீங்க. மறுபடியும் தானமா? உங்க இரக்கத்துல எங்க ஆஸ்பத்திரி நடக்க வேண்டாம். பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டு, நாளைக்கே திரும்பிப் போயிடுவீங்க. அதுக்குப் பேரு பொய்க்கணக்கு."

அவன் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து நீட்டினான். ஒன்று, மேல்வட்டத்தில் அவன் பெயரை நீக்கிய சீட்டு. மற்றது, கீழ்வட்டப் பள்ளிக்கு அவனை மாற்றிய உத்தரவு. 'தங்கள் விண்ணப்பத்தின்படி' என்று போட்டு, விண்ணப்பித்த தேதியும் அதில் இருந்தது.

அவள் தேதியைப் படித்தாள். பிறகு தன் டைரியைப் புரட்டினாள்.

மலைமேல் சண்டை போட்டதற்கு மறுநாள்! அப்போது எண்ணிக்கையே பாதி முடியவில்லை. எத்தனை வரும், எத்தனை குறையும் என்று யாருக்குமே தெரியாத நாள்.

"இது... அன்னைக்கு நான் உங்களைத் திட்டிட்டுத்தானே வந்தேன்?"

"நல்லாவே திட்டினீங்க. இறங்கும்போது வழி முழுக்க ஒரே யோசனை... எனக்கு அப்பா அம்மா இல்லைங்க. நான் செய்யறது சரியா தப்பான்னு கேக்க ஆளில்லாமலே இத்தனை வருஷம் ஓடிடுச்சு. அன்னைக்குத்தான் நீங்க ஒருத்தங்க கேட்டீங்க. இனி எப்ப கேப்பீங்கன்னு தோணுச்சு. உங்க ஸ்கூல்ல ரெண்டு வருஷமா கணக்கு வாத்தியார் இடம் காலின்னு தெரியும். எழுதிப் போட்டுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்றது?" அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். "அது வெறும் ஒருதலைதானே. ஒருதலையை எந்தக் கணக்குல சேர்க்கறது?"

டைப்பிஸ்ட் தட்டுவதை நிறுத்திவிட்டார். ஆபீசர் திடீரென்று கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று ஆராயத் தொடங்கினார்.

அவள் ஒரு படிவத்தை எடுத்தாள். "வயசு?"

"முப்பது."

"எங்க தங்கியிருக்கீங்க?"

"ஸ்கூலுக்குப் பின்னாடி, பேக்கரி மாடியில. சாவி வாங்கி மூணு நாளாச்சு."

"கல்யாணம்...?"

"ஆகல."

எழுதினாள். வரிசை எண் என்ற கட்டத்தில் ஆறு போட்டு, மூன்று சைபர் போட்டாள். மூன்றாவது சைபர் கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆபீசர் கைகூப்பியே விட்டார். "வாத்தியாரே, இந்த வட்டமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு!" என்று படிவக் கட்டை வாரிக்கொண்டு தபால் அறைக்கு ஓடினார். டைப்பிஸ்டும், கூப்பிடாமலே, பின்னால் போனார்.

அறையில் மழைச் சத்தம் மட்டும்.

"ரொம்ப நன்றிங்க..." என்றாள்.

"நன்றி மட்டும்தானா?" என்றான். சிரிக்கப் பார்த்தான், பாவம், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நன்றி ஆஸ்பத்திரிக்காகச் சொன்னேன். எங்கப்பாவுக்காக... ஆறாயிரம் பேருக்காக." அவள் நிமிர்ந்து, முதல் தடவையாக, அந்தக் கண்களை நேருக்கு நேர் பார்த்தாள். "எனக்காகச் சொல்லணும்னா... உங்க கணக்கு மறுபடியும் தப்பு வாத்தியாரே. அது ஒருதலையே இல்ல. முதல் நாள்லேர்ந்தே ரெண்டு."