பெண்கள் அறையின் பின்கதவு

விளக்கு வைக்கும் நேரம் ஆனதும் சவரியப்பன் அடுக்களை வாசலில் வந்து நிற்பான். அடுப்புக்கு முன்னால் பவுலினா உட்கார்ந்திருப்பது அவன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், "பவுலி, உள்ளதானே இருக்க?" என்று கேட்பான். "உள்ளதாங்க இருக்கேன்" என்று அவள் வாயால் சொல்லக் கேட்ட பிறகுதான் லாந்தரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவான்.

கல்யாணமான புதிதில் அந்தக் கேள்வி அவளுக்கு வெல்லமாக இனித்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவளை இருக்கிறாயா என்று கேட்கிற ஆசையை எந்தப் பெண்தான் வேண்டாம் என்பாள். ஆனால் வருஷம் ஒன்று ஓடிய பிறகு, அறுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில், அதே கேள்வி அவளுக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. நீ அங்கேயே இருப்பாய்தானே, எழுந்து என் பின்னால் வந்துவிட மாட்டாயே என்று கேட்பதுபோல.

தளியைத் தாண்டி ஜவளகிரிக்குப் போகிற பாதையில், காடு தொடங்குகிற மேட்டில் இருந்தது அந்த வீடு. வீடு என்றால் வீடு இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரர் குதிரைகளுக்காகக் கட்டிய நீளமான ஓட்டுக் கட்டடத்தை, பெங்களூரில் இருந்த ஒரு மலைநடைச் சங்கம் வாங்கி, சுண்ணாம்பு அடித்து, இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள் போட்டு, நடந்தும் சைக்கிள் மிதித்தும் மலை பார்க்க வருகிறவர்கள் மலிவாகத் தங்கிப் போகிற விடுதியாக்கி வைத்திருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது சைக்கிள் பங்களா. முன்கூடத்தில் ஆண்கள், பின்பக்க அறையில் பெண்கள், நடுவில் ஒண்டிக்கொண்டு காவல்காரன் சவரியப்பனின் குடித்தனம். வருகிறவர்கள் போர்வையைத் தாங்களே கொண்டுவர வேண்டும், சோற்றைத் தாங்களே ஆக்கிக்கொள்ள வேண்டும். யார் எந்நேரம் வந்து தட்டினாலும் கதவைத் திறக்க வேண்டும், இருட்டிய பின் ஒருவரையும் வாசலோடு திருப்பி அனுப்பக் கூடாது என்பது சங்கத்தின் முதல் சட்டம். அந்தச் சட்டத்தை சவரியப்பன் வேதவாக்காக வைத்திருந்தான். நனைந்து வந்த ஒரு குடிகாரனைக்கூட உள்ளே அழைத்துக் கட்டில் கொடுத்தவன்.

மழைக்காலத்தில் யாரும் வருவதில்லை. முன்கூடத்தில் கட்டில்கள் வெறுமையாக ஒன்றன்மேல் ஒன்று நின்றன. வைக்கோல் மெத்தையில் ஈர வாடை ஏறிக் கிடந்தது. காற்று வேகமாக அடித்தால் மேல்கட்டில் கம்பிகள் லேசாக முனகும். அந்தச் சத்தத்துக்கு பவுலினா பழகியிருந்தாள். அவள் பழகாதது பின்பக்க அறையிலிருந்து வந்த பேச்சுச் சத்தத்துக்குத்தான்.

முதலில் அவன் ஜெபம் சொல்கிறான் என்று நினைத்தாள். ஒரு நாள் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, கொலுசைக் கையால் பிடித்துக்கொண்டு, நடையில் வந்து சுவரில் காதை வைத்தாள். மழை ஓட்டில் பொரிந்துகொண்டிருந்தது. அந்தப் பொரிச்சலுக்கு அடியில், பின்கதவுக்கு வெளியே, ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

வார்த்தை பிடிபடவில்லை. மெல்லிய, கொஞ்சம் குறைப்பட்டுக்கொள்கிற, உரிமையான குரல். எங்கேயோ கேட்ட குரல்போல இருந்தது. யாருடையது என்றுதான் நெஞ்சுக்குள் அகப்படவில்லை. அது பேசி முடித்ததும் சவரியப்பன், அவளிடம் ஒரு நாளும் பேசியிராத தணிந்த குரலில், கதவோடு வாயை வைத்தவன்போல இரண்டே வார்த்தை சொன்னான்.

"நாளே பா."

அவன் மதிகிரிக்காரன். கன்னடத்திலேயே வளர்ந்தவன். பவுலினா சேலத்துக்காரி, கன்னடம் என்றால் அவளுக்குக் காட்டுச் சத்தம். ஆனாலும் பால்கார மாரம்மா தினமும் காலையில் கன்றுக்குட்டியை "பா, பா" என்று கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறாள், கன்று ஓடி வருவதையும் பார்த்திருக்கிறாள். பா என்றால் வா. நாளே என்பதற்கு யாரிடமும் போய் அர்த்தம் கேட்க வேண்டியதில்லை.

நாளைக்கு வா.

அவளுக்குக் கன்னடம் அந்த ஒரு நொடியில் முழுதாகப் புரிந்துவிட்டது. இன்றைக்கு என் பெண்டாட்டி உள்ளே இருக்கிறாள், நாளைக்கு வா. குடிகாரனுக்குக் கதவைத் திறந்தவன் இந்தக் கதவை மட்டும் திறக்காமல் பேசுகிறான் என்றால் வேறென்ன.

யார் என்பதும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. சித்திரையில் பெங்களூரிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆம்பிளை சைக்கிளில் மேடு ஏறி வந்தவள். அவள் சைக்கிள் செயினை மாட்டிக் கொடுக்க சவரியப்பனுக்கு ஒரு மத்தியானம் முழுவதும் பிடித்தது. இரண்டு பேரும் கன்னடத்தில் பேசிப் பேசிச் சிரித்தார்கள். கறுப்புக் கிரீஸ் பட்ட அவன் கைக்கு அந்த டீச்சர் தன் சோப்பை எடுத்துக் கொடுத்தாள். அந்த வாசனை இரவு அவன் கையில் இருந்தது. அதை பவுலினா இன்னும் மறக்கவில்லை.

சாப்பாடு போடும்போது கேட்டாள்.

"அந்த டீச்சரம்மா மறுபடி எப்ப வர்றாங்களாம்?"

"எந்த டீச்சரம்மா?"

"செயின் கழண்ட டீச்சரம்மா."

அவன் சிரித்தான். "அவங்களுக்குக் கழண்டது செயினு. உனக்கு வேற என்னமோ கழண்டிருக்கு."

"பின்னாடி ரூம்ல யாருகூடப் பேசினீங்க?"

சிரிப்பு நின்றது. சோற்றைப் பிசைந்த விரல்களும் நின்றன. "யாருமில்ல. மலையில எவனாச்சும் வழி தவறிட்டானான்னு பாத்தேன்." பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ சாயங்காலத்துல அந்தப் பக்கம் வராத, பவுலி" என்றான்.

அன்றைக்கு அவள் தூங்கவில்லை. பக்கத்தில் அவன் மூச்சு ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். இந்த மூச்சு எனக்கு மட்டும் சொந்தம் என்றிருந்தேனே என்று நினைத்தாள். அழுகைகூட வரவில்லை.

காலையில் பால் ஊற்ற வந்த மாரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏனம்மா, கண்ணு ரெண்டும் இட்லி மாதிரி உப்பிக் கெடக்குது? விசேஷமா?"

"விசேஷத்துக்குத்தான் இங்க கொறச்சல். மாரக்கா, இன்னைக்கேன்னு உங்க பாஷையில எப்படிச் சொல்றது?"

"இவத்தே."

"இவத்தே பான்னா இன்னைக்கே வா. சரிதானா?"

"சரியாத்தான் சொல்ற." மாரம்மா சொம்பைக் கவிழ்த்துவிட்டுச் சிரித்தாள். "எதுக்கு, புருஷன்கிட்ட கன்னடத்துல கொஞ்சறதுக்கா? கொஞ்சு, கொஞ்சு. தமிழ்ல கொஞ்சினா அவனுக்கு ஏறாது."

பவுலினாவும் சிரித்துவைத்தாள். அந்த இரண்டு வார்த்தையையும் நாள் முழுவதும் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்தில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோயிற்று. சவரியப்பன் டின்னைக் கேரியரில் கட்டிக்கொண்டு தளிக்குக் கிளம்பினான். கிளம்பியவன் திரும்பி வந்தான். "வர்றதுக்குக் கொஞ்சம் இருட்டிடும். பின்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கேன். யாரு கூப்பிட்டாலும் தொறக்காத. யாரு குரலா இருந்தாலும்." அவள் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவ்வளவு அக்கறை. அந்த டீச்சர் வந்து நிற்கிற நேரத்தில் தான் இல்லாமல் போகிறோமே என்ற பதைப்பு. பவுலினா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தை லாந்தர் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். இவர் எனக்குத் தாலி கட்டினவர் என்று நேருக்கு நேர் சொல்லிவிட வேண்டும்.

மழை விட்டிருந்தது. மலையிலிருந்து பனி இறங்கி, தைல மரங்களை அடியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்து, கடைசியில் சன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர்போல நின்றுவிட்டது. ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. அவள் அடியில் மிச்சமிருந்த எண்ணெயில் லாந்தரை ஏற்றிக்கொண்டு பெண்கள் அறைக்குள் வந்தாள். இரண்டு வரிசைக் கட்டில்களின் நிழலும் சுவரில் ஏணிபோல ஏறி, அவள் நடக்க நடக்கத் தானும் நடந்தது. ஆள் படுத்து மாதக்கணக்காகியும் அறையில் தலைமுடியின் வாசனை இருந்தது. எண்ணெயும் சீயக்காயும் கலந்த வாசனை. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த வாசனை. அந்த டீச்சர் இங்கேயே வந்து தங்கியும் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

கீழ்கட்டில் ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்தாள். காத்திருந்தாள்.

கதவுக்கு வெளியே சரளைக்கல் நெரிந்தது.

தட்டவில்லை. உள்ளங்கையை வைத்துத் தடவுவதுபோலக் கதவில் ஒரு சத்தம், மேலிருந்து கீழாக. பிறகு குரல்.

"ஏங்க. கதவத் தொறங்க. குளிருதுங்க."

தமிழ். சேலத்துத் தமிழ். பவுலினாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னைப்போலவே பேசிக் காட்டுகிறாளா? என்னைக் கேலி பேசித்தான் இரண்டு பேரும் சிரிக்கிறார்களா? அவளுக்கு அப்போது பயமே இல்லை. பொறாமைதான் இருந்தது. அது பயத்தைக் கிட்டே வரவிடவில்லை.

எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். இரும்பு ஐஸாகச் சில்லிட்டது.

"இவத்தே பா" என்றாள்.

வெளியே எல்லாம் நின்றது. ஓட்டுத் தண்ணீர்கூடச் சொட்டவில்லை. பிறகு கதவுக்கு மறுபக்கத்திலிருந்து, மிக அருகில், நீளமாக ஒரு மூச்சு இழுக்கிற சத்தம்.

அவள் கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை. பனி. படிக்கல். ஈர மண். ஓடி ஒளிகிறாளா? லாந்தரை உயர்த்திப் படியிறங்கினாள். ஒரு அடி. இன்னொரு அடி. சீயக்காய் வாசனை அவள் முகத்தை உரசிக்கொண்டு, அவள் தோளைக் கடந்து, பின்பக்கம் போயிற்று.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

தள்ளினாள். அசையவில்லை. லாந்தர் தானாகச் சுருங்கி அணைந்தது. அப்போது முன்வாசல் பக்கம் சைக்கிள் மணி கேட்டது. டின்னை இறக்கி வைக்கிற சத்தம். செருப்பைக் கழற்றுகிற சத்தம். அவன் வந்துவிட்டான். அவளுக்கு உயிர் வந்தது.

வீட்டுக்குள் அவன் குரல் கேட்டது. "பவுலி, உள்ளதானே இருக்க?"

வாயைத் திறந்தாள். அவள் பேசுமுன் அடுக்களையிலிருந்து பதில் போயிற்று.

"உள்ளதாங்க இருக்கேன்."

அந்தக் குரலை இப்போது அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

கதவை அறைந்தாள். இரண்டு கையாலும். நடையில் அவன் காலடி வந்தது. கட்டில்களுக்கு நடுவே வந்தது. கதவுக்குப் பின்னால் நின்றது.

"ஏங்க, நான்தாங்க. பவுலினா. கதவத் தொறங்க."

"தெனமும் இதத்தான் சொல்ற" என்றான். "தெனமும் எம் பொண்டாட்டி குரல்லயே வந்து கூப்பிடற. அவ உள்ள இருக்கா. நான் பாத்துட்டுதான் வரேன்."

"அது நான் இல்லீங்க. மதிகிரிக் கோயில்ல தாலி கட்டறப்ப உங்க கை நடுங்கிச்சு. ரெண்டாவது முடிச்சு விழவே இல்ல. எனக்கு மட்டும்தானே தெரியும்."

உள்ளே தாழ்ப்பாளில் அவன் விரல் உரசி, விலகியது.

"அத நேத்தே சொல்லிட்ட" என்றான்.

அவள் நெற்றியைக் கதவில் வைத்தாள்.

"ஒரு வருஷமா அவகிட்ட சொல்லாம மூடி வெச்சிருக்கேன்" என்றான் அவன். கெஞ்சுகிற குரல் அது. "தெரிஞ்சா பயந்துகிட்டு சேலத்துக்குப் போயிடுவா. அவ போயிட்டா நான் இருக்க மாட்டேன். என்னை விட்டுடு. அவளை விட்டுடு. நாளைக்கு வான்னு சொன்னா போயிடறியே, இன்னைக்கும் போயிடு." கதவோடு வாயை வைத்து, தணிந்த குரலில், அன்றாடம் சொல்கிற இரண்டு வார்த்தையையும் சொன்னான். காலடி திரும்பிப் போயிற்று.

பவுலினா சுவரைத் தடவிக்கொண்டே போனாள். கல். முள். சேறு. அடுக்களைச் சன்னல். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

அடுப்பு வெளிச்சத்தில் அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். எதிரில் அவளுடைய பச்சைப் புடவையில் ஒருத்தி சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். அவன் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்தக் கைக்குள் சாய்ந்து கொடுத்தாள்.

"குளிருதா?" என்று கேட்டான்.

"இப்ப இல்லீங்க" என்று பதில் வந்தது. வந்து முடிந்த பிறகுதான் அந்த முகத்தில் உதடு அசைந்தது.

அவன் கவனிக்கவில்லை. ஏதோ வேடிக்கையாகச் சொன்னான். சிரிப்புச் சத்தம் கேட்டது. சத்தம் ஓய்ந்தது. அதன்பிறகு அந்த வாய் மெதுவாகச் சிரிக்கத் திறந்தது. சன்னலைப் பார்த்துக்கொண்டே திறந்தது. சிரிப்புக்கு வேண்டிய அளவையும் தாண்டி, கன்னத்தையும் தாண்டி, திறந்துகொண்டே போயிற்று.

குனிந்த தலை நிமிராமல், இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லி, அவன் தட்டை அதன் பக்கம் நகர்த்தினான்.